லேபு டிரம்மு

"எனக்கு அந்த நோட்டைப் பாக்கணும் சார். ஒரிஜினல் நோட்டை."

சொல்லிவிட்டாள். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஸ்மிதா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்மிதா அந்த லேபில் நான்காம் வருஷ ஆராய்ச்சி மாணவி, மும்பை மாட்டுங்காக்காரி, எதையும் சிரித்துக்கொண்டே முடித்துவிடுகிறவள். "ஸ்டைபண்ட் எப்ப வரும்னு கேளு. ஃபாரின்ல எந்த ஊருன்னு கேளு. ஹாஸ்டல்ல ஃபேன் ஓடுமான்னுகூடக் கேளு, சார் சிரிப்பார். நோட்டைக் கேட்டா சிரிக்க மாட்டார்."

உண்மைதான். பேராசிரியர் திருவேங்கடம் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடக் கழற்றிய பேனா மூடி இடது கையில் இருந்தது, பேனா வலது கையில். இரண்டையும் சேர்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு சங்கரேஸ்வரியைப் பார்த்தார். அவருக்கு முன்னால் மேஜையில் இருந்த தாளில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. செயற்கை உயிரியலில் ஐந்து வருட முனைவர் பட்ட ஆய்வு. கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை, ஹாஸ்டல், நாலாவது வருடத்தில் ஒன்பது மாதம் டென்மார்க். நாடு முழுக்க எண்ணூறு பேர் விண்ணப்பித்த ஒரே ஓர் இடம். அதற்கு அவர் போடவேண்டிய கையெழுத்து ஒன்று. அதற்கு முன்னால் அவள் போட்டுக் கொடுக்கவேண்டிய கையெழுத்து தொண்ணூற்று நான்கு.

அந்தத் தொண்ணூற்று நான்கு தாள்களும் அவள் மடியில் இருந்தன. லேபில் வளர்த்த எதுவும் உயிரோடு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வளர்ந்து முடிந்த கரைசலை ஆட்டோகிளேவ் என்கிற ஆள் உயரப் பிரஷர் குக்கரில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் டிரம்மில் ஊற்றிக் கழிவுக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு தடவையும் தேதி, சூடு, எத்தனை நிமிடம், யார் நின்று பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் அந்த லேபின் பழக்கம் வேறு. வருடம் முழுக்க அந்த நோட்டை யாரும் தொடுவதில்லை. தணிக்கைக்கு ஆள் வருகிற மாதத்தில், புதிதாகச் சேர்கிறவர் உட்கார்ந்து உதிரித் தாள்களில் அத்தனையையும் எழுதித் தரவேண்டும், பிறகு பைண்டிங். ஸ்மிதா அதற்கென்றே ஜிப் வைத்த ஒரு பையைக் கொடுத்திருந்தாள். உள்ளே எட்டுப் பேனா. நீலத்தில் மூன்று, கறுப்பில் மூன்று, மை தீரப்போவது ஒன்று, கசிவது ஒன்று. "ஒரே பேனால எழுதினா மாட்டிப்போம். திங்கக்கிழமைக்கெல்லாம் கசியற பேனா போடு, நேச்சுரலா இருக்கும். நானும் சேர்ந்தப்போ இதைத்தான் பண்ணினேன். எல்லாரும் பண்ணியிருக்கா."

"எதுக்கும்மா நோட்டு?" என்றார் திருவேங்கடம்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு எழுதுதேன்."

"அதுல ஒண்ணும் எழுதியிருக்காது. ஒனக்கே தெரியும்."

"எந்த மாசத்துலேர்ந்து எழுதல சார்?"

அவர் பேனாவை மூடினார். கோபம் வந்தால் அவள் பேச்சில் திருநெல்வேலி ஏறிவிடும். இரண்டு வருடமாக அவளோடு வேலை செய்கிறவருக்கு அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே தேவ்நாரின் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அப்பா இசக்கிராஜ் குர்லாவில் லாரி புக்கிங் ஆபீஸில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா ஆவுடையம்மாள் தாராவியில், தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய கல்லி என்கிற சந்தில், இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எம்.எஸ்ஸி. முடித்து இந்த லேபில் புராஜெக்ட் அசிஸ்டண்ட் ஆகச் சேர்ந்தபோது சங்கரேஸ்வரிக்குக் கொடுத்த வேலை பாட்டில் கழுவுவது. கழுவினாள். கழுவிக்கொண்டே மற்றவர்கள் செய்வதைப் பார்த்தாள். ஆறு மாதத்தில், ஸ்மிதாவுக்கு வராத ஒன்று இவள் கையில் வந்தது. ஈஸ்ட்டின் உடம்புக்குள் வேறோர் உயிரிலிருந்து எடுத்த சின்னத் துண்டு ஒன்றைச் செருகினால் அது வாழைப்பழ வாசனையைத் தயாரிக்கும். அதுவரை செருகியதெல்லாம் இரண்டு நாளில் செத்துப்போனது. இவள் செருகியது சாகவில்லை. ஒரு நாள் காலை மூடியைத் திறந்தபோது லேப் முழுக்கப் பழக்கடை வாசம். யாரும் இல்லாத அறையில் நின்று அழுதாள். உலகத்தில் அதற்கு முன் இல்லாத ஓர் உயிர், அவள் கையால். வாழைப்பழத்துக்கு இந்தியில் கேலா என்பதால் லேபில் அதற்குக் கேலா நாலு என்று பெயர் வைத்தார்கள். அது வளர்ந்த வேகத்தைப் பார்த்துத் திருவேங்கடமே, "என்னம்மா, ஒன்னை மாதிரியே முரடா இருக்கு!" என்றார். அந்தச் சிரிப்பில்தான் இந்த ஐந்து வருட இடம் அவளுக்கென்று முடிவானது. அது வேண்டும் அவளுக்கு. வெறியாக வேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். லேப் வாசம் அடித்தது. தன் துணியிலிருந்துதான் வருகிறதென்று கையை மோந்து பார்த்தாள். இல்லை.

"ஏட்டி, நீயும் மோந்து பாரு," என்றாள் ஆவுடையம்மாள். "மாவுல பழ வாசம் வருதா இல்லியா? நாலு நாளா இப்படித்தான் இருக்கு. புளிப்பே ஏறல. சாயங்காலம் கரைச்சி வச்சா ராத்திரிச் சோறு திங்கதுக்குள்ள மூடியத் தள்ளிட்டு நிக்கி. சைக்கிள்ல இட்லி விக்கிறவனுவ எல்லாம் இப்ப நம்மகிட்டதான் வாரானுவ."

மூலையில் ஒரு நீல டிரம் இருந்தது. பழையதை அங்கே காணோம்.

"இந்த டிரம்மு ஏதும்மா?"

"ஒங்க ஆபீஸ் டிரம்மு!" அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கணேசபாண்டியன் அண்ணாச்சிட்ட மூணு மாசமா சொல்லி வச்சி வாங்குனேன். கண்ட கெமிக்கல் கம்பெனி டிரம்மெல்லாம் எனக்கு வேண்டாம், எம் மவ வேல பாக்க லேபு டிரம்மாத்தான் வேணும், அங்கதான் கைய ரெண்டு தரம் கழுவிட்டு உள்ள போவாவன்னு சொன்னேன். வேற ஆளுவளும் கேட்டாவளாம். எனக்குத்தான் குடுத்தாவ."

மறுநாளே சங்கரேஸ்வரி கணேசபாண்டியனிடம் போனாள். பழைய டிரம், டப்பா, கேன் எல்லாம் வாங்கிக் கழுவி விற்கிற பெரிய கொட்டகை அவருடையது. அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கழுவாம விப்பனா மக்கா? ரெண்டு தண்ணி விட்டுத்தான் குடுக்கேன். ஒங்க தேவ்நார் லேபு டெம்போ மாசத்துக்கு ரெண்டு நட வரும். உள்ள இருக்கத சாக்கடையில கொட்டிட்டு வெறும் டிரம்மத் தருவான். அடியில கஞ்சி மாதிரி கொஞ்சம் ஒட்டிக் கெடக்கும், ஆனா நாத்தம் கிடையாது. நல்ல பழ வாசம். அதுக்கே கிராக்கி. ஒனக்கு ஒண்ணு வேணுமா?"

"எத்தன டிரம்மு இதுவர வந்துருக்கு அண்ணாச்சி?"

"அத யாரு எண்ணுனா?" என்று சிரித்தார்.

ஆட்டோகிளேவ் பிப்ரவரியிலேயே கெட்டுப்போனது லேபில் எல்லோருக்கும் தெரியும். வேறு கட்டடத்தில் வேகவைக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்டடம் என்று யாரும் கேட்கவில்லை. சங்கரேஸ்வரியும் கேட்கவில்லை.

அம்மாவின் மாவில் ஒரு சொட்டை லேபுக்குக் கொண்டுபோனாள். கேலா நாலை மற்ற ஈஸ்ட்டிலிருந்து பிரித்துப் பார்க்க அதற்குள் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட மருந்து கலந்த தட்டில் மற்றதெல்லாம் செத்துவிடும், இது மட்டும் வளரும். கடையில் வாங்கிய மாவை ஒரு தட்டில் தடவினாள், அம்மாவின் மாவை இன்னொரு தட்டில். இரண்டு நாள் கழித்து முதல் தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவதில் ஜவ்வரிசி சிந்தினாற்போல வெள்ளை வெள்ளையாக.

டிரம்மைத் தூக்கிப் போட்டால் போகிற விஷயமாக இருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் மாவுக்காரர்கள் நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய மாவில் விடுகிறவர்கள். யார் வீட்டு மாவு நன்றாகப் பொங்குகிறதோ அந்த வீட்டுக்குக் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். இல்லையென்று சொல்வது அந்தக் கல்லியில் வழக்கமில்லை. ஆவுடையம்மாள் யாருக்குமே இல்லையென்று சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, காலேஜ் சர்வே என்று பொய் சொல்லிச் சங்கரேஸ்வரி ஒன்பது வீட்டு மாவு வாங்கி வந்தாள். ஏழு தட்டில் வளர்ந்தது. ஏழில் இரண்டு வீடு பக்கத்துக் கல்லி. அவர்கள் யாரும் லேப் டிரம்மைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"இட்லி வெந்தா அது செத்துடும்," என்றார், எல்லாவற்றையும் கேட்டு முடித்த திருவேங்கடம். அவள் மேஜைமேல் வைத்த தட்டுகளை அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தார். பிறகு அதைத் தொட்ட கையில் சானிடைசர் ஊற்றி, விரல் இடுக்கு விடாமல் தேய்த்துக்கொண்டார். தான் செய்வது அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"இட்லி வேகும் சார். மாவு வேகறதில்ல. அடுத்த வீட்டுக்குப் போவுது."

"யாருக்காவது ஒடம்புக்கு வந்திருக்கோ?"

அடுத்த வீட்டு மகேஸ்வரியின் குழந்தைக்கு மூன்று வாரமாக வாய்க்குள் வெள்ளை படர்ந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை; வேறு மருந்து மாற்றினார், அதுவும் கேட்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு வருவதுதான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று சொல்ல அவளிடம் ஒரு சான்றும் இல்லை. இல்லையென்று சொல்லவும் இல்லை. மகேஸ்வரி மாவு கரைத்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதே விரலால் குழந்தையின் வாயைத் துடைப்பதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"தெரியாது," என்றாள். "ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் கெடையாது. இத இதுக்கு முன்னாடி யாரும் தின்னதில்ல."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் களைத்துப்போனவருடைய முகமாக இருந்தது. கெட்டவருடைய முகமாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"புது ஆட்டோகிளேவ் கேட்டு நான் நாலு லெட்டர் எழுதியிருக்கேன். காப்பி காட்டட்டுமா? மெஷின் இல்லேன்னு லேபை மூடியிருந்தா ஸ்மிதாவோட தீசிஸ் போயிருக்கும். ஒன்னோட கேலா நாலும் போயிருக்கும். நீயும் போயிருப்ப, திரும்பப் பாட்டில் கழுவ."

"மூடியிருக்கணும் சார்."

"சொல்றது சுலபம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி. நீ போய் புகார் எழுதிக் குடுக்கற. அப்புறம் என்ன நடக்கும்னு யோசிச்சியோ? அவா மொதல்ல எங்க வருவா? இங்கயா? இந்தக் கட்டடத்துக்குள்ள வர ஒரு கார்ப்பரேஷன்காரனுக்கு மூணு இடத்துல பாஸ் வாங்கணும். ஒங்க கல்லிக்குள்ள வர ஒரு பாஸும் வேண்டாம். மொதல்ல கிரைண்டரைத் தூக்குவான். அப்புறம் பேப்பர்ல வரும், தாராவி மாவுல கிருமின்னு. லேப் பேர் கடைசி வரில வந்தா உண்டு. ஒரு ஊரே அந்த மாவுல பொழைக்கறது. அதை நீதான் பண்ணினேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லுவியா?"

மிரட்டவில்லை அவர். கூட்டல் கழித்தல் மாதிரிச் சொன்னார். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அவளும் இதையேதான் நாலு நாளாகப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"சொல்லியாச்சு சார்," என்றாள். "காலைல டிரம்மு நிறைய பிளீச்சிங் பவுடர் கொட்டிட்டுத்தான் வாறேன்."

அவர் நிமிர்ந்தார்.

கொட்டியபோது மாவு சீறியது. ஆவுடையம்மாள் கரண்டியோடு நின்று பார்த்தாள். அடிப்பாள் என்று சங்கரேஸ்வரி எதிர்பார்த்தாள். கத்துவாள், கல்லியைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். முழுக்க எடுத்துச் சொன்னாள். நுரை அடங்கிய பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாந்தான ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தேன். எம் மவ ஆபீஸ் டிரம்முன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். இப்ப அவளுவ வாசல்ல போயி நான் என்னன்னு சொல்லட்டும்?" சங்கரேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அம்மா வெறும் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, மறுபடியும் கழுவினாள்.

"ஒரு வருஷம் பொறு," என்றார் திருவேங்கடம். இந்தத் தடவை அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "உள்ள வந்துடு. உள்ள இருந்தாத்தான் எதையும் சரிபண்ண முடியும். வெளில நின்னு கத்தறவாளை யார் கேக்கறா? டென்மார்க் போய்ட்டு வந்து நீயே ஒரு லேப் வை. அதுல ஒழுங்கா நோட்டு எழுது. நான் சந்தோஷப்படுவேன், நெஜமா."

ஒரு நிமிடம் அவள் அதைப் பார்த்தாள். தன் பெயர் எழுதிய கதவு. உள்ளே வரிசையாகப் புது மெஷின்கள். பிறகு, ஸ்மிதாவும் நான்கு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தொண்ணூற்று நான்கும் வெறுமையாக இருந்தன. பேனாப் பையை அதன்மேல் வைத்தாள். தட்டுகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இந்த மாதிரி லேபுக்கெல்லாம் பாதுகாப்புக் குழுவுல வெளியாள் ஒருத்தர் இருக்கணும்னு சட்டம் இருக்குல்லா சார். இங்க இருக்கவர் சான்பாடாவுல இருக்கார். நேத்து போன்ல பேசிட்டேன். மூணு மணிக்கு வரச் சொல்லிருக்கார்."

"நேத்தேவா?" அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது. "எல்லாம் முடிவு பண்ணிட்ட. அப்புறம் இங்க எதுக்கு வந்த?"

"நோட்டைக் குடுப்பீங்கன்னு நெனச்சேன். வெறும் நோட்டாத்தான் இருக்கும். அத நீங்களே எடுத்துக் குடுத்தா, மொதல்ல இங்க வருவாங்க. எங்க கல்லிக்கு அப்புறமாத்தான் வருவாங்க."

அவர் கை மேஜையின் இழுப்பறைப் பிடிமேல் போய் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. மழைச் சத்தம் கேட்டது. அவள் ஒன்றிலிருந்து முப்பதுவரை மனசுக்குள் எண்ணினாள். இழுப்பறை திறக்கவில்லை.

"வெளில நாலு பேர் வெயிட் பண்ணிண்டிருக்கா," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "சும்மா ஃபார்மாலிட்டிக்குக் கூப்பிட்டிருந்தேன்."

அவள் எழுந்தாள்.

வராந்தாவில் முதல் நாற்காலியில் ஒரு பெண், பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா. சோலாப்பூர்ப் பக்கமாக இருக்கலாம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அடியில் விலைச்சீட்டு ஒட்டிய புது ஷூ. கதவு திறந்ததும் சங்கரேஸ்வரியை யாரோ மேடம் என்று நினைத்து அவர் எழுந்து கும்பிட்டார். அந்தப் பெண் வெட்கத்தோடு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு இந்தியில் கேட்டாள், "அக்கா, சார் என்னவெல்லாம் கேட்கிறார்? கஷ்டமாக இருக்குமா?"

"கையெழுத்து கேட்பார்," என்றாள் சங்கரேஸ்வரி, அவளும் இந்தியில். "படித்துவிட்டுப் போடு."

அந்தப் பெண் சிரித்தாள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. பியூன் அவள் பெயரைக் கூப்பிட்டான். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போக, கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது.

சான்பாடா ரயிலைப் பிடிக்க, கோவண்டி ஸ்டேஷனுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். சங்கரேஸ்வரி படியில் இறங்கினாள். திருப்பத்தில் ஒரு தடவை மேலே பார்த்தாள். அந்தப் பெண்ணின் அப்பா இன்னும் உட்காரவில்லை. நடை சாத்திய சந்நிதிக்கு முன்னால் நிற்பவரைப் போல, மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.